ஃபைட்டர் வீட்டில் யாரைக் குடிவைக்கலாம்?

ஆனி மாதத்து ஒரு சனிக்கிழமை. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் சானலில் வந்து, எங்கள் பக்கம் கன்னிப்பூ நெல் நடவும் முடிந்திருந்தது. ஏழாம் வகுப்பு படிக்கிற என் அண்ணன் மகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். அதில் ஒரு டம்ளர் தண்ணீர்தான் இருக்கும். உள்ளே ஒரே ஒரு மீன். கருநீல உடம்பு. பட்டுப்பாவாடையை விரித்துவிட்ட மாதிரி சிவந்த துடுப்புகள்.

"சித்தப்பா, ஃபைட்டர் மீனு. வடசேரியில வாங்கினோம். ஆனா ஒத்தையில கிடக்கு, பாவம்லா? கூட யாரையாவது விடணும். யாரை விடலாம்?"

பிள்ளைகளே, மீன் வளர்க்கிற எல்லாருமே ஒரு நாள் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். அவள் வயதில் எனக்கும் இதே எண்ணம் வந்தது. நான் யாரிடமும் கேட்காமல் மூன்று ஆண் கப்பிகளை வாங்கி ஃபைட்டரோடு விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் கப்பிகளின் வால்கள் நார்நாராகக் கிழிந்திருந்தன. ஒன்று செத்து மிதந்தது. ஃபைட்டர் மேல் எனக்கு அன்றைக்குக் கோபம் கோபமாக வந்தது. தப்பு மீனுடையது இல்லை, அதைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் விட்ட என்னுடையது என்று பின்னால்தான் புரிந்தது.

அதனால் அவளுக்கு உடனே பதில் சொல்லவில்லை. "முதல்ல இவன் எந்த ஊர்க்காரன்னு பாப்போம் மக்ளே. ஊர் தெரிஞ்சா குணம் தெரியும். குணம் தெரிஞ்சா கூட யாரு இருக்கலாம்னு தெரியும்" என்றேன்.

நெல்வயல்தான் அவன் ஊர்

ஃபைட்டரின் ஊர் தாய்லாந்து. அங்கே நெல்வயல், வாய்க்கால், புல் மண்டிய குட்டை, இவையெல்லாம்தான் அதன் வீடு. நம் நாஞ்சில் நாட்டைப் போலவே அதுவும் நெல்லும் தண்ணீருமான பூமி. அந்த ஊர்க்காரர்கள் இதைப் 'பிளா காட்' என்கிறார்கள். கடிக்கிற மீன் என்று பொருள். 1910-இல் சார்லஸ் டேட் ரீகன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 'பெட்டா ஸ்பிளெண்டென்ஸ்' என்று இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். ஸ்பிளெண்டென்ஸ் என்றால் ஒளிர்வது. 2019-இல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது.

வயலில் பிறந்த ஃபைட்டரைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளமே தெரியாது. மங்கிய பழுப்பு நிறம், ஆங்காங்கே பச்சை மினுமினுப்பு, குட்டையான துடுப்பு. கடையில் இருக்கிற நீண்ட வால்களும் அடர்ந்த நிறங்களும் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததால் வந்தவை. நிறத்தை மட்டும் அவர்கள் பொறுக்கவில்லை. நம்மூரில் சேவற்கட்டு நடந்தது போல அங்கே மீன்களை மோதவிட்டுப் பந்தயம் கட்டினார்கள். நன்றாகச் சண்டை போடுகிற மீனின் குஞ்சுகளையே வளர்த்தார்கள். ஆக, உங்கள் தொட்டியில் சீறுகிற ஃபைட்டரின் கோபத்தில் ஒரு பங்கு மனிதன் ஊட்டி வளர்த்தது.

தண்ணீருக்குள் இருந்து காற்றுக்கு வருகிறவன்

"கொஞ்ச நேரம் சும்மா பாத்துக்கிட்டே இரு" என்றேன். இரண்டு பேரும் டப்பாவின் முன்னால் உட்கார்ந்தோம். மீன் மெதுவாக மேலே வந்தது. மூக்கு நுனி தண்ணீரின் மேல்பரப்பைத் தொட்டதும் 'டப்' என்று ஒரு மடக்குக் காற்றை விழுங்கியது. திரும்பி இறங்கும்போது செவுள் ஓரத்தில் ஒரு சின்னக் குமிழ் கழன்று மேலே போனது.

"தண்ணிக்குள்ள இருக்கவன் எதுக்கு காத்து குடிக்கான்?"

நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 28 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்க முடியும். தண்ணீர் சூடாக ஆக இது இன்னும் குறையும். ஒரு லிட்டர் காற்றிலோ 250 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. வயல் தண்ணீர் வெயிலில் சுடும், ஓடாமல் நிற்கும். அழுகிய இலைதழையும் அதில் கிடக்கும். அதைச் சிதைக்கிற நுண்ணுயிர்கள் இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ளும். அங்கே செவுளை மட்டும் நம்பினால் மூச்சுத் திணறிப் போகும். அதனால் இந்த மீனுக்குச் செவுளுக்கு மேலே இன்னொரு உறுப்பு இருக்கிறது. மடிப்பு மடிப்பான எலும்புத் தகடுகளின் மேல் ரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். உள்ளே போனால் வழி தெரியாத கோட்டை மாதிரி வளைந்து வளைந்து இருப்பதால் இதை 'லாபிரிந்த்' உறுப்பு என்கிறார்கள். விழுங்கிய காற்றிலிருந்து ஆக்சிஜன் இதன் வழியாக ரத்தத்துக்குப் போகும்.

இந்த உறுப்புள்ள மீன் ஒன்று நமக்குப் பழக்கமானதுதான். பனையேறிக் கெண்டை! 1791-இல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் டால்டார்ஃப் என்பவர் ஒரு குளக்கரைப் பனைமரத்தில் அந்த மீனைக் கண்டார். தண்ணீருக்கு ஐந்து அடி உயரத்தில், இன்னும் மேலே ஏற அது தவித்துக்கொண்டிருந்ததாக எழுதிவைத்தார். காற்றைக் குடிக்கத் தெரிந்ததால்தான் அதனால் தண்ணீரை விட்டு வெளியே வர முடிந்தது.

ஃபைட்டருக்குக் காற்று தேவை என்பதிலிருந்து ஒன்று தெரிகிறது. அது மேல்தட்டில் வாழ்கிற மீன். அதன் வாயைப் பாருங்கள், மேல்நோக்கி வளைந்திருக்கும். தண்ணீரின் மேல் விழுகிற பூச்சியையும் கொசுப் புழுவையும் பிடிக்க ஏற்ற வாய். உணவும் மேலே, மூச்சும் மேலே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டை எதற்காக?

குஞ்சு பொரிக்கும் காலத்தில் ஆண் ஃபைட்டர் ஒரு இலையின் அடியில் போய் வாயால் காற்றுக் குமிழ்களை ஊதும். எச்சில் பூசிய குமிழ்கள் உடையாமல் ஒன்றோடொன்று ஒட்டி நுரைக்கூடு ஆகும். பெண் முட்டையிடும். முட்டைகள் கீழே விழ விழ ஆண் பாய்ந்து வாயால் பிடித்து, ஒவ்வொன்றாக நுரைக்குள் கொண்டு வைக்கும். பிறகு பெண்ணையும் விரட்டிவிட்டு ஒற்றை ஆளாகக் காவல் இருக்கும். ஒன்றரை நாளில் முட்டை பொரியும். குஞ்சு நீந்தப் பழக மேலும் இரண்டு மூன்று நாள் ஆகும். நழுவி விழுகிற குஞ்சுகளைத் தகப்பன் மறுபடி மறுபடி எடுத்து மேலே வைத்துக்கொண்டே இருக்கும்.

ஃபைட்டர் எதற்குச் சண்டை போடுகிறது என்று இப்போது புரிகிறதா? தன் நுரைக்கூட்டுக்கும் அதைச் சுற்றிய கொஞ்ச இடத்துக்கும் அது காவல்காரன். அந்த இடத்தைப் பிடிக்க வரக்கூடியவன் இன்னொரு ஆண் ஃபைட்டர்தான். அப்படி ஒருவனைக் கண்டால் செவுள் மூடிகளைத் தாடி போல விரிக்கும். துடுப்பையெல்லாம் அகல விரித்துத் தன்னைப் பெரிதாகக் காட்டும். 'இது என் இடம், போ' என்று அதற்குப் பொருள்.

வயலில் இதற்கு எளிதான முடிவு உண்டு. தோற்றவன் புல்லுக்குள் ஓடிவிடுவான். தொட்டியில் ஓட இடமில்லை. சுவர் இருக்கிறது. தோற்றவன் எங்கே போனாலும் ஜெயித்தவன் கண்ணில்தான் படுவான். அதனால்தான் வயலில் விரட்டலோடு முடிகிற சண்டை தொட்டியில் சாவு வரைக்கும் போகிறது. 2020-இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு ஆண் ஃபைட்டர்களின் சண்டையைக் கவனித்தார்கள். வாயோடு வாய் கவ்விப் பிடிக்கிற மீன்கள் மூச்சுக்காக விட்டுவிட்டு மேலே போகும், மறுபடி வந்து மோதும். சண்டை நீள நீள இரண்டின் அசைவுகளும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன. அவற்றின் மூளையில் வேலை செய்த மரபணுக்களிலும் அந்த ஒற்றுமை தெரிந்தது. அவ்வளவு ஆழமாக இறங்கிச் செய்கிற காரியம் அது. ஒரே தொட்டியில் இரண்டு ஆண் ஃபைட்டர்கள், ஒருபோதும் வேண்டாம்.

வரப்பில் உட்கார்ந்து ஒரு பாடம்

அன்று சாயங்காலம் அவளைச் சுசீந்திரம் போகிற வழியில் ஒரு வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாய்க்கால் வயலுக்குள் திரும்புகிற மடைக்குப் பக்கத்தில் தண்ணீர் தெளிந்து நின்றது. வரப்பில் குந்தி உட்கார்ந்தோம். நிழல் அசையாமல் ஐந்து நிமிடம் இருந்தால் போதும், மீன்கள் வெளியே வந்துவிடும்.

முதலில் தெரிந்தது, தண்ணீரின் தோலை ஒட்டி அசையாமல் நின்ற ஒரு மீன். உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு. கண் இரண்டும் மேலே பார்த்தபடி. மலையாளத்தில் இதை 'மானத்துக்கண்ணி' என்கிறார்கள். வானத்தைப் பார்க்கிற கண்ணுடையவள்! கொஞ்சம் கீழே கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாக ஒரு பக்கம் திரும்பின, மறுபக்கம் திரும்பின. எல்லாவற்றுக்கும் அடியில், தொளியோடு தொளியாக, மீசை வைத்த விரல் நீள மீன் ஒன்று நெளிந்தது.

"அயிரை!" என்று கத்திவிட்டாள். மீன்கள் எல்லாம் மறைந்தன. மறுபடி காத்திருந்தோம்.

இந்த முறை புல் ஓரத்தில் ஒரு சின்னப் பழுப்பு மீன் வந்தது. வால் நடுவில் ஊசி போல நீண்டிருந்தது. அது மேலே வந்து 'டப்' என்று காற்றை விழுங்கியது.

"சித்தப்பா... இது நம்ம ஃபைட்டர் மாதிரியே செய்யுது!"

அது நம் ஊர் ஃபைட்டர் என்றே சொல்லலாம் பிள்ளைகளே. அதே குடும்பம். அதே லாபிரிந்த் உறுப்பு. இதுவும் நுரைக்கூடுதான் கட்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வயல்களிலும் ஓடைகளிலும் வாழ்கிறது. இதன் அறிவியல் பெயரில் 'குப்பானஸ்' என்று ஒரு சொல் வரும். பிரெஞ்சு விஞ்ஞானி குவியே 1831-இல் இதை விவரித்தபோது, மீன் கிடைத்த புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றின் பெயரிலிருந்து எடுத்த சொல் அது. நம் குப்பம் ஒன்று உலகத்து அறிவியல் நூல்களிலெல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கிறது!

"அப்போ இதையே பிடிச்சு ஃபைட்டர் கூட விடலாம். சொந்தக்காரன்லா?"

இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறோம். சொந்தக்காரன்தான் ஆகவே ஆகாது! இரண்டுக்கும் மேல்தட்டுதான் வேண்டும். இரண்டுக்கும் இலையடிதான் வேண்டும். இரண்டும் ஒரே பூச்சிக்கு வாய் திறக்கும். ஒரே வரப்புக்குப் பங்காளிகள் அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறீர்களே, அதே கதைதான். வயலிலே பாருங்கள், மானத்துக்கண்ணிக்கும் அயிரைக்கும் சண்டையே இல்லை. ஒருவர் மாடியில், ஒருவர் தரையில். வேறு இடம், வேறு சாப்பாடு.

சோதனைக் குழாய்க்குள் மேல்மாடி, கீழ்மாடி

1930-களில் ரஷ்ய விஞ்ஞானி கியோர்கி கௌஸ் இதைச் சோதனைக் குழாயில் காட்டினார். உங்கள் பாடப் புத்தகத்தில் வருகிற பாரமீசியம்தான் அவருடைய மீன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே உணவைத் தின்கிற இரண்டு வகைப் பாரமீசியங்களை ஒரே குழாயில் வளர்த்தார். நாளாக ஆக ஒரு வகை பெருகியது, மற்றது குறைந்து குறைந்து இல்லாமலே போனது. பிறகு வேறு ஜோடியைச் சேர்த்து வளர்த்தார். அதில் ஒரு வகை மேல்பகுதியில் மிதந்த பாக்டீரியாவைத் தின்றது. இன்னொன்று அடியில் படிந்த ஈஸ்டைத் தின்றது. இரண்டும் ஒரே குழாயில் பிழைத்தன.

ஒரு விரல் அளவுக் குழாய்க்குள்கூட மாடி பிரித்துக்கொண்டால் இரண்டு பேர் வாழலாம். ஒரே மாடி என்றால் ஒருவருக்குத்தான் இடம். ஃபைட்டருக்குத் துணை தேடும்போது நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: தன்னைப் போல் இல்லாதவரோடுதான் அது நிம்மதியாக இருக்கும்.

குடிவருகிறவரிடம் நான்கு கேள்வி

மறுவாரம் இருவரும் கடைக்குப் போனோம். வாங்குவதற்கு இல்லை, விசாரிப்பதற்கு. ஒவ்வொரு தொட்டி முன்னாலும் நின்று நான்கு கேள்வி கேட்டோம்.

*முதல் கேள்வி: உன் ஊர்த் தண்ணீர் எப்படி?* ஃபைட்டருக்கு 24 முதல் 28 டிகிரி வெப்பமுள்ள, அதிகம் ஓடாத தண்ணீர் வேண்டும். கோல்ட்ஃபிஷ் இதில் தோற்றது. அது சீனாவின் குளிர்ந்த நீரில் வாழ்ந்த மீனின் வாரிசு. உடம்பும் பெருக்கும், கழிவும் அதிகம். பக்கத்துத் தொட்டியில் சிவப்புக் கோடு போட்ட 'மிஸ் கேரளா' துள்ளிக்கொண்டிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடும் நீரில் வாழ்கிற மீன். 1865-இல் பிரான்சிஸ் டே இதற்கு அன்றைய மதராஸ் கவர்னர் டெனிசனின் பெயரை வைத்தார். 15 சென்டிமீட்டர் வரை வளரும், ஓடுகிற தண்ணீர் கேட்கும். அழிவு அபாயத்திலும் இருக்கிற மீன். அதற்கு நம் தொட்டி வீடாகாது.

*இரண்டாம் கேள்வி: உன் உடை எப்படி?* பெரிய வண்ண வால், விரிந்த துடுப்பு இருந்தால் ஃபைட்டர் அதை இன்னொரு ஃபைட்டர் என்றே நினைத்துவிடக்கூடும். சிறுவயதில் நான் விட்ட கப்பிகள் இதனால்தான் அடிபட்டன. கௌராமி வகைகளும் இதில் போயின. அவை குடும்பத்துப் பங்காளிகள்.

*மூன்றாம் கேள்வி: உன் வாய் எப்படி?* ஃபைட்டர் மட்டும்தான் கடிக்கும் என்று நினைக்காதீர்கள். அதன் நீண்ட துடுப்பு பாரம். வேகமாக ஓட முடியாது. மஞ்சள் உடம்பில் கருப்புப் பட்டை போட்ட டைகர் பார்ப் கூட்டமாக வந்து அந்தத் துடுப்பைக் கொத்திக் கொத்திப் பிய்த்துவிடும். அப்போது பாவப்பட்டவன் நம் சண்டைக்காரன்தான். வாயளவும் பார்க்க வேண்டும். ஒருவர் வாய்க்குள் இன்னொருவர் போகிற அளவில் இருந்தால் அவர் துணை இல்லை, சாப்பாடு. குட்டி இறால்கள் இப்படித்தான் காணாமல் போகும்.

*நான்காம் கேள்வி: நீ எந்த மாடி?* மேல்மாடி என்றால் வேண்டாம். மானத்துக்கண்ணி எவ்வளவு அழகாக இருந்தாலும் இதில் தோற்றுவிடும். நடுமாடி என்றால் சிறிய, அமைதியான, கூட்டமாகப் போகிற மீனாக இருக்கட்டும். ஹார்லிக்வின் ரஸ்போரா அப்படி ஒன்று. செம்பு நிறம், பின்பாதியில் கருப்பு முக்கோணம். மலேசியா, சுமத்ரா பக்கத்து மீன், ஃபைட்டருக்குப் பிடித்த அதே தண்ணீரில் வாழும். ஆறு மீன்களாவது சேர்ந்திருந்தால்தான் அதற்குத் தைரியம் வரும்.

தரைமாடி என்றால் தென் அமெரிக்காவின் கோரிடோராஸ் கெளுத்திகள் நல்ல குணம் உள்ளவை. அவையும் ஆறு பேராக இருக்க விரும்பும்.

அவள் கோரிடோராஸ் தொட்டியின் முன்னால் வெகு நேரம் நின்றாள். மீசையால் மணலைத் துழாவுகிற அந்தச் சின்ன மீன்களையே பார்த்தாள். திடீரென்று திரும்பினாள்.

"சித்தப்பா, இது செய்யுறதெல்லாம் நம்ம அயிரை செய்யுதே?"

எனக்கு அவளைத் தூக்கிக் கொண்டாட வேண்டும் போல இருந்தது. நான்கு கேள்வியையும் அயிரையிடம் கேட்டுப் பாருங்கள். ஊர்? நம் ஊர், இதே வெப்பம், இதே தண்ணீர். உடை? மணல் நிறத்தில் பொட்டுப் பொட்டாக, சின்னத் துடுப்பு. வாய்? கீழ்நோக்கி, யாரையும் கடிக்காது. மணலை வாயில் எடுத்துச் சலித்து உணவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் செவுள் வழியே விட்டுவிடும். மாடி? தரை. நான்கிலும் தேறியது.

மதுரையில் உயிரோடு விற்று, குழம்பு வைத்துச் சாப்பிடுகிற அதே அயிரைதான். அறிவியல் பெயரில் 'தெர்மாலிஸ்' என்று வரும். வெப்பம் என்று பொருள். இலங்கையில் திருகோணமலைக்கு அருகே கன்னியா வெந்நீரூற்றுப் பக்கத்தில் கிடைத்த மீனை வைத்து 1846-இல் இதற்கு அந்தப் பெயர் வந்தது. குழம்புச் சட்டியில் மட்டும் பார்த்த மீனைக் கண்ணாடி வழியாக ஒரு மாலை நேரம் பாருங்கள். அது வேறு மீனாகத் தெரியும்.

வீடு கட்டினோம்

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி வாங்கினோம். ஏறத்தாழ 60 × 30 × 30 சென்டிமீட்டர். பெருக்கினால் 54,000 கன சென்டிமீட்டர், அதாவது 54 லிட்டர். மேலே 3 சென்டிமீட்டர் காலியாக விட்டோம்; காற்றைக் குடிக்கிறவனுக்கு அந்த இடம் முக்கியம். இப்போது தண்ணீர் எத்தனை லிட்டர்? நீங்களே கணக்குப் போடுங்கள். ஃபைட்டர் துள்ளிக் குதிக்கும், அதனால் மூடி கட்டாயம். ஆனால் காற்றுப் போக வழி விட வேண்டும்.

தரையில் நுண்ணிய ஆற்று மணல். கூர்மையான கல் அயிரையின் மீசையை அறுத்துவிடும். ஒரு பக்கம் வேலம்பாசி அடர்த்தியாக. நடுவில் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தோம். ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் ஒதுங்க இடம் வேண்டும் அல்லவா? வயலில் இருக்கிற, தொட்டியில் இல்லாத 'ஓடி ஒளிய இடம்' அதுதான். வாதாங்கொட்டை மரத்தின் காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போட்டோம். இரண்டு நாளில் தண்ணீர் கடுங்காப்பியில் தண்ணீர் கலந்தது போல ஆனது. இலையிலிருந்து இறங்குகிற டானின் அந்த நிறத்தைத் தரும். ஃபைட்டர் பிறந்த குட்டைகளிலும் இலை ஊறிய நிறம் இப்படித்தான் இருக்கும்.

இதற்குப் பிறகு மிகக் கஷ்டமான வேலை: காத்திருப்பது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது விஷம். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இதன் தீமை குறைவு. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் அதுவும் கட்டுக்குள் இருக்கும். இந்தப் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதலில் குடிவருகிறவர்கள் மீன்கள் இல்லை பிள்ளைகளே, கண்ணுக்குத் தெரியாத இவர்கள்தான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது இவர்களைக் கொன்றுவிடும். அதனால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்த பிறகே ஊற்றினோம்.

தெரிந்தவர் வயலிலிருந்து பெரியவர்கள் துணையோடு ஆறு அயிரைகள் வந்தன. அவற்றை மூன்று வாரம் தனி வாளியில் வைத்து, நோய் இல்லை என்று பார்த்தோம். தொட்டிக்குள் முதலில் அயிரைகளை விட்டோம். ஃபைட்டரைக் கடைசியில் விட்டோம். முன்னால் விட்டிருந்தால் முழுத் தொட்டியும் தன்னுடையது என்று எண்ணியிருக்கும். இப்போது அது புதிதாகக் குடிவருகிற ஆள்.

முதல் நாள் ஃபைட்டர் கீழே இறங்கிச் செவுளை விரித்து மிரட்டியது. அயிரை மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது. மிரட்ட ஆள் இல்லாததால் ஃபைட்டர் மேலே போய்விட்டது. மூன்றாம் நாள் மிரட்டலும் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஃபைட்டருக்கும் ஒவ்வொரு குணம். எல்லாக் கேள்வியிலும் தேறிய துணையைக்கூட விரட்டிக்கொண்டே இருக்கிற மீன்கள் உண்டு. அப்படியானால் பிரித்துவிடுங்கள். தனியாக இருப்பது ஃபைட்டருக்குத் தண்டனை இல்லை. வயலிலும் அது தன் இடத்தில் ஒற்றை ஆள்தான்.

செய்து பாருங்கள்

ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: மேல், நடு, தரை. அரை மணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, எந்த மீன் எந்த மாடியில் இருக்கிறது என்று குறியுங்கள். ஒரு வாரம் செய்தால் உங்கள் தொட்டியின் மாடிக் கணக்கு கிடைக்கும். இரண்டு வகை மீன் ஒரே கட்டத்தில் நெருக்கியடித்தால் அங்கேதான் சண்டை வரும். ஃபைட்டர் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை காற்றை விழுங்குகிறது என்றும் எண்ணுங்கள். உணவு போட்ட பிறகு, விளக்கை அணைத்த பிறகு, வெயில் நாளில், மழை நாளில் அது மாறுகிறதா?

இன்னொரு முக்கியமான சங்கதி. மீன் வேண்டாம் என்று ஆனாலும், தொட்டி உடைந்தாலும், ஒரு மீனையும் குளத்திலோ சானலிலோ விடாதீர்கள். 'டேங்க் க்ளீனர்' என்று விற்கிற தென் அமெரிக்கக் கெளுத்தியை யாரோ இப்படி விட்டதால் பக்கத்துத் திருவனந்தபுரத்துக் கால்வாயில் அது குடியேறியிருக்கிறது. நம் சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் நீர்நிலைகளாக அறிவிக்கப்பட்டவை. அங்கே மாடிகள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. வெளியூர் மீன் ஒன்று நுழைந்தால் அரியாங்குப்பத்துப் பெயர் தாங்கிய அந்தச் சின்னப் பழுப்பு மீன் எங்கே போகும்? வேண்டாத மீனைக் கடைக்கோ, வளர்க்கிற நண்பருக்கோ கொடுத்துவிடுங்கள்.

ஆவணியில் ஒரு நாள் மறுபடி கடைப் பக்கம் போனோம். முத்து நிறத்தில் ஒரு கௌராமி. அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள்.

"வாங்கலாமா மக்ளே?" என்றேன், வேண்டுமென்றே.

"அழகாத்தான் இருக்கு. ஆனா மேல்மாடிக்காரன் சித்தப்பா. நம்மாளுக்குப் பங்காளியாக்கும். வேற வீட்டுக்குப் போகட்டும்."

அன்று சாயங்காலம் வீட்டுத் தொட்டியில் ஒரு அயிரை சர்ரென்று மேலே வந்தது. அயிரைக் குடும்பத்து மீன்கள் பலவற்றுக்கும் குடல் வழியாகக் காற்றைப் பயன்படுத்தத் தெரியும். ஒரு மடக்கு விழுங்கிவிட்டுக் கீழே பாய்ந்தது. இலைக்கு அடியில் நின்ற ஃபைட்டர் பாதி திரும்பிப் பார்த்தது. செவுளை விரிக்கவில்லை. அதன் நுரைக்கூட்டில் ஒரு குமிழ் குறைந்திருந்தது போலிருக்கிறது. மேலே போய், ஒன்று ஊதி ஒட்டவைத்தது.